அறுபத்து நாலாவது ராடு

கல்லாங்காட்டுப்புதூரில், நாச்சிமுத்துவின் தென்னந்தோப்பில், ஆழ்துளைக் கிணற்றுக்காகத் துளைபோடும் அறுபத்து நாலாவது ராடு இறங்கிக்கொண்டிருந்தபோது பாறை முடிந்து வானம் தொடங்கியது. அப்போது பகல் பதினொரு மணி. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி கொண்டுவந்திருந்த அர்த்தநாரிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு ராடு இருபதடி, ஒவ்வொரு ராடுக்கும் மேலே வருகிற பாறைத்தூளைச் சின்னக் குவியலாக எடுத்து வரப்போரம் வரிசையாக வைப்பார், எந்த ஆழத்தில் என்ன இருந்தது என்று தோட்டத்துக்காரர் நடந்துபோய்ப் பார்த்துக்கொள்ளலாம். செம்மண் ஒரு குவியல், சுண்ணாம்புக்கல் மூன்று குவியல், அப்புறம் கருங்கல், கருங்கல், கருங்கல் என்று கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறமாகவே போன அந்த வரிசையின் கடைசியில், அறுபத்து நாலாவது குவியல் மட்டும் வெள்ளையாக இருந்தது, அதிலிருந்து மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது. வேலையாட்களுக்கு மோர் கொண்டுவந்த துளசிமணி, நாச்சிமுத்துவின் மனைவி, குனிந்து அதைத் தொட்டாள். விரல் ஒட்டிக்கொண்டது. அவள் விரலைப் பிய்த்தெடுத்து முந்தானையில் துடைத்துவிட்டு, எல்லோருக்கும் மோர் ஊற்றிக் கொடுத்தாள்.

நாற்பதாவது ராடிலேயே அர்த்தநாரி போதும் என்றிருந்தார். "வெறும் புகைதானுங்க வருது. நிறுத்திக்கலாமுங்க" என்றார்.

"இன்னும் ஒரு ராடு போட்டுப் பாக்கலாமுங்க" என்றான் நாச்சிமுத்து. ஐம்பதாவதிலும் அதையே சொன்னான், அறுபதாவதிலும் அதையே சொன்னான்.

"முப்பது வருசமா ஓட்டறனுங்க" என்றார் அர்த்தநாரி. "இந்தப் பேச்சப் பேசாத தோட்டத்துக்காரர ஒருத்தரக்கூடப் பாத்ததில்ல. தண்ணி எப்பவுமே அடுத்த ராட்டுலதான் இருக்கும்."

இப்போது ராடு கீழே எதிலும் முட்டாமல் தன் எடையில் தானே இறங்கியதும், அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, நூலில் ஒரு கல்லைக் கட்டிக் குழிக்குள் விட்டார். கல் எங்கே நிற்கிறது, தரையிலா தண்ணீரிலா என்று அறிய நூலை இரண்டு முறை சுண்டிப் பார்ப்பார்கள். கை அந்தச் சுண்டுதலிலேயே புரிந்துகொள்ளும். அர்த்தநாரி சுண்டினார். ஒன்றும் தெரியவில்லை. கல்லுக்கு எடையே இல்லாதது போல இருந்தது. அவர் நூலை அறுத்துக் குழிக்குள்ளேயே விட்டுவிட்டு, ராடுகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு, அன்று சாயங்காலத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் நாச்சிமுத்து டவுனிலிருந்து கேமரா வண்டியை வரவழைத்தான். ஆழ்துளைக் கிணற்றுக்குள் கேமராவை இறக்கி, எந்த இடுக்கில் ஊற்று இருக்கிறது என்று வண்டியிலிருக்கும் டிவியில் காட்டுகிறவர்கள் அவர்கள். ஆயிரத்து இருநூற்று எண்பது அடி வரைக்கும் கருங்கல் தெரிந்தது, பிறகு திரை கறுத்தது. கேமராக்காரர் ஒயரைச் சோதித்தார், பேட்டரியை மாற்றினார், கம்பெனிக்காரனைத் திட்டினார். கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, சரியாக ஒன்றேகால் மணி நேரம் கழித்து, படம் வந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு தரை. அதில் நீலக் கீறல்கள். தரைக்கு மேலே கரிய வானம். அந்த வானத்தில், ஊர்ச் சந்தைத் திடலைப் போல நூறு மடங்கு பெரிதாக, வெளிர்மஞ்சள் நிறத்தில், இடுப்பில் வளையம் மாட்டிக்கொண்டு, அவர் இருந்தார்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கும் சுகந்தி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, வகுப்பில் சொல்வது போலவே சொன்னாள். "சனிக் கிரகம். அதச் சுத்தி வர்ற நிலாவுல ஏதோ ஒண்ணுல நம்ம குழி திறந்திருக்குது. அங்கிருந்து வெளிச்சம் வர்றதுக்கே ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். அதுதான் படம் மெதுவா வருது. அந்தத் தரை பூராவும் ஐஸு. அதுக்கடியில கடலே இருக்குதுங்கறாங்க."

கூட்டத்தில் ஒருவரும் அதிசயப்படவில்லை. இத்தனை வருஷமாக மழை வராததற்கும், தென்னைகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்ததற்கும், அவருடைய பார்வைதான் காரணம் என்று ஜோசியக்காரர் அடிக்கடி சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பார்வை எந்த வழியாக வந்தது என்பது இப்போது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் பெண்கள் அத்தனை பேரும், யாரும் சொல்லாமலே, ஓரெட்டு பக்கவாட்டில் நகர்ந்து நின்றார்கள். ஈஸ்வரன் கோயில் நவக்கிரகத்தில் எள் தீபம் ஏற்றும்போது அவருக்கு எதிரே நிற்கக் கூடாது, பக்கத்தில் ஒதுங்கி நின்றுதான் கும்பிட வேண்டும் என்பது அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ஆண்களும் நகர்ந்தார்கள். கேமராக்காரர்கூடக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். திரைக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தது நாச்சிமுத்து ஒருவன்தான்.

"அக்கட்டால வாங்க" என்று துளசிமணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இரு புள்ள" என்றான் அவன். "இத்தன நாளு அவரு நம்மளப் பாத்தாரு. நம்ம ஒரு தடவ அவரப் பாக்க வேண்டாமா?"

அதற்குப் பிறகு ஊர் அந்தக் குழியோடு வாழப் பழகியது. சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து எள் தீபம் வந்தது, குழிக்கு வடபுறம் ஒதுங்கி நிற்கச் சொல்லிக் கயிறு கட்டினார்கள், காக்கைக்குச் சோறு வைக்கத் தனியாக ஒரு கல் போட்டார்கள். நாச்சிமுத்து கேமரா வண்டியைத் திருப்பி அனுப்பாமல் தோப்பிலேயே நிறுத்திக்கொண்டான். கேமராவோடு ஒரு இரும்புக் குழாயையும் கட்டி விட்டு, ஆட்டி ஆட்டிச் சுரண்டி, ஒரு நாளைக்குக் கையளவு ஐஸ் மேலே கொண்டுவந்தான். அது லேசாக உப்புக் கரித்தது. உருக்கி ஒரே ஒரு தென்னைக்கு ஊற்றினான். தோப்பில் மற்றதெல்லாம் பட்டுப்போக, அந்த மரம் மட்டும் துளிர்த்துக் குருத்து விட்டது. ஊர்க் காக்கைகள் மொத்தமும் அந்த மரத்துக்குக் குடிபெயர்ந்தன. அவை அதில் உட்கார்ந்து கரைவதில்லை, சும்மா உட்கார்ந்திருந்தன.

காலையில் பால் சொசைட்டியில் கேனை வைத்துவிட்டு நின்றால் வேறு பேச்சே கிடையாது.

"பஞ்சாயத்துப் பைப்புல தண்ணி வந்து நாலு மாசமாச்சு. இவன் அத்தன தூரத்துல போயி ஐஸு சொரண்டறானாமா" என்றார் வையாபுரி, நாச்சிமுத்துவின் அண்ணன். துளசிமணிக்கு மச்சாண்டார் முறை என்பதால் அவர் இருக்கும் இடத்தில் அவள் பேசமாட்டாள், கேட்டுக்கொண்டு நிற்பாள்.

"ஒரு மரம் பொழச்சிருக்குதல்லங்க?" என்றாள் சுகந்தி டீச்சர்.

"ஒரு மரத்துக்கு ஒரு மனுசனா?"

"தண்ணிக்காக மட்டுமில்லீங்க. அங்க என்ன இருக்குதுன்னு தெரிஞ்சுக்கோணுமல்ல? போயிப் பாக்காமயே ஒண்ணுமில்லேன்னு எப்படிச் சொல்றது?"

"தெரிஞ்சு என்னத்த டீச்சரு பண்றது?" என்றாள் பால் ஊற்ற வந்த முத்தாயக்கா. "தெரியாம இருந்தப்பவும் நல்லாத்தான இருந்தோம்."

"எங்கக்கா நல்லா இருந்தோம்? ரெண்டு மைலு கொடம் தூக்குனோம்."

"இப்ப மட்டும் தூக்கலியாக்கும்? சனி பகவானுக்கு எதுக்க நின்னு தூக்கறோம். அம்புட்டுதான்" என்றாள் முத்தாயக்கா. எல்லோரும் சிரித்தார்கள், வையாபுரியும் சிரித்தார். துளசிமணி மட்டும் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது, அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாச்சிமுத்து ஒடுங்கிக்கொண்டு வந்தான்.

முதலில் அவனுடைய அரைஞாண் கயிறு நழுவியது. அவன் வெறுமனே மெலிவதாக அவள் நினைத்துக் கயிற்றைச் சுருக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். அடுத்த சனிக்கிழமை மறுபடி நழுவியது, இன்னொரு முடிச்சு. அவன் நன்றாகத்தான் சாப்பிட்டான், களையாகத்தான் இருந்தான், கன்னத்தில் எலும்பு தெரியவில்லை. ஆனால் தோள்கள் மடித்த குடையைப் போல உள்ளே வந்துகொண்டிருந்தன, நடந்தால் மண்ணில் தடம் விழுவது குறைந்துகொண்டு வந்தது. காலையிலிருந்து பொழுது சாயும் வரை அவன் அந்தத் திரைக்கு நேரே உட்கார்ந்திருந்தான். கேமராக்காரரும் ஒரு வாரம் எதிரே நின்று பார்த்துவிட்டு மோதிரம் கழன்று விழுந்ததும் பயந்து ஒதுங்கிக்கொண்டார், ஒதுங்கிய பத்தாம் நாள் பழையபடி ஆகிவிட்டார். நாச்சிமுத்து ஒதுங்கவில்லை. ஒன்பது வாரம், ஒன்பது முடிச்சு. துளசிமணி முடிச்சுப் போடும் விதம் அவள் அம்மா வீட்டு விதம். நுனியை இரண்டு சுற்றுச் சுற்றி அடிவழியாக இழுத்து, கடைசியில் பல்லால் கடித்து இறுக்குவாள்.

ஒன்பதாவது முடிச்சைக் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான். "கொழாய் ஆறரை இஞ்சு புள்ள. இப்ப நான் போவேன்."

"வேண்டாமுங்க" என்றாள் அவள்.

"கேமராவுல எட்டற எடம் ஒரு கட்டிலு அகலந்தான். அதுக்கு அப்பால என்ன இருக்குதுன்னு ஆராச்சும் போயித்தான பாக்கோணும்?"

"ஆராச்சும் போவட்டும். நீங்க வேண்டாம்."

"போறதுக்கு நாந்தான அளவா இருக்கறேன்" என்றான் அவன், கொஞ்சம் வெட்கத்தோடு, புதுச் சட்டை பொருந்திவிட்ட மாதிரி.

ஆடி மாதம் ஒரு பகலில் அவனை இறக்கினார்கள். ஊரே வந்திருந்தது. பூசாரி திருநீறு பூசினார், டீச்சர் ஒரு தெர்மாமீட்டர் கொடுத்தாள், வையாபுரி தம்பியின் முகத்தைப் பார்க்காமல் கப்பியைப் பிடித்துக்கொண்டார். பேசி வைத்தது இதுதான்: கயிற்றை ஒரு முறை இழுத்தால் போய்ச் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம், இரண்டு முறை இழுத்தால் இன்னும் கயிறு விடு, மூன்று முறை இழுத்தால் மேலே தூக்கு. காலை முன்னால் நீட்டி, கைகளைத் தலைக்கு மேல் குவித்து, எண்ணெய் பூசிய திரி விளக்குக்குள் போவது போல அவன் குழிக்குள் போனான். துளசிமணி கடைசியாகப் பார்த்தது அவன் உள்ளங்கைகளை.

ஆயிரத்து இருநூற்று எண்பது அடி தாண்டி, ஒன்றேகால் மணி நேரம் கழித்து, கயிறு ஒரு முறை இழுபட்டது. ஊர் கைதட்டியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு முறை இழுபட்டது. கயிறு விட்டார்கள். மறுபடி இரண்டு. மறுபடி விட்டார்கள். கேமரா ஒயரை அவன் போகும்போதே உரசி அறுத்துவிட்டிருந்ததால் திரையில் எதுவும் தெரியவில்லை. கடையில் வாங்கிய கயிறு தீர்ந்ததும் வீட்டுக்கு வீடு கயிறு கொடுத்தார்கள், கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, கட்டில் கயிறு, பள்ளிக்கூடத்துக் கொடிக் கயிறு, தொட்டில் கயிறு எல்லாம் முடிந்து முடிந்து குழிக்குள் போயின. மாடுகள் கட்டின்றி மேய்ந்தன, குழந்தைகள் தரையில் தூங்கின, தேர்வடம் மட்டும் குழியில் நுழையாத தடிமன் என்பதால் தப்பித்தது. பன்னிரண்டு நாள், ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு தரம், இரண்டு இழுப்பு. இன்னும் விடு. இன்னும் விடு.

செய்தி கேட்டு அர்த்தநாரி பதின்மூன்றாம் நாள் பஸ் பிடித்து வந்தார். நேராகப் போய்க் கயிற்றை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு குந்தினார். இழுப்பு வந்தது. ஒன்று, இரண்டு. அவர் கயிற்றை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அம்மணி, இது உங்க வூட்டுக்காரரு கயிறு கேக்கற இழுப்பு இல்லீங்க" என்றார். "கல்லக் கட்டி உட்டு ஆழம் பாக்கற சுண்டு இது. முப்பது வருசமா நான் சுண்டற சுண்டு. எனக்குத் தெரியாதுங்களா?"

"ஆரு ஆழத்த ஆரு பாக்கறது?" என்று வையாபுரி அதட்டினார்.

அர்த்தநாரி குழியைப் பார்த்தார், பிறகு ஊரை, வீடுகளை, மரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த காக்கைகளைப் பார்த்தார். "நம்ம ஆழத்தத்தானுங்க" என்றார்.

அரைமணி நேரத்தில் வெல்டிங் வைப்பவரை ஜெனரேட்டரோடு கூட்டிவந்துவிட்டார்கள். கயிற்றை அறுத்து, குழாய் வாயில் இரும்புத் தகட்டை வைத்துப் பற்றவைத்துவிடுவது என்று வையாபுரி முடிவு செய்தார், ஊரும் தலையாட்டியது. அப்போதுதான் துளசிமணி, கல்யாணமாகி வந்த பதினாறு வருஷத்தில் முதல்முறையாக, மச்சாண்டார் முன்னால் வாயைத் திறந்தாள்.

"ரெண்டரை மணி நேரம் பொறுங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கயிற்றின் மேல்நுனியைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும், ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்தாள். "இது போறதுக்கு ஒண்ணேகா மணி நேரம். பதிலு வர்றதுக்கு ஒண்ணேகா மணி நேரம். அவரா இருந்தா மூணு வரும். வரலீன்னா நானே அறுத்து உடறேன்."

ஊர் வெயிலில் உட்கார்ந்து காத்திருந்தது. வையாபுரி நாலு தடவை எழுந்து நாலு தடவை உட்கார்ந்தார். இரண்டரை மணி நேரம் முடிந்த அந்த நிமிஷத்தில் கயிறு இழுபட்டது. ஒன்று. இரண்டு. துளசிமணி கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று.

மறுநாள் உச்சிப்பொழுது வரை இழுத்தார்கள். முதலில் உள்ளங்கைகள் தெரிந்தன, பிறகு உறைபனி படிந்த தலைமயிர், பிறகு நாச்சிமுத்து. உயிரோடு இருந்தான். கண் திறந்திருந்தது. முத்தாயக்கா குலவையிட்டாள், வையாபுரி தம்பியைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார், அழுதுகொண்டே வெல்டிங்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். பொறி பறந்தது. மூடி குழாயோடு ஒட்டிக்கொண்டது.

ஊர் அவனோடும் வாழப் பழகியது. எது கேட்டாலும் ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் பதில் சொன்னான். காலையில் வணக்கம் சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனவர்களுக்கு அவர்கள் இல்லாத வாசலைப் பார்த்து வணக்கம் சொன்னான். கொட்டாவி, தும்மல், சிரிப்பு எல்லாம் அப்படியே. துளசிமணி அவனுக்குப் பசிக்கும் முன்பே சாப்பிடுகிறீர்களா என்று கேட்கக் கற்றுக்கொண்டாள். "போனது வேலைக்கு ஆச்சாப்பா?" என்று கேட்டுவிட்டுப் பால் சொசைட்டி ஆட்கள் பீடி பற்றவைத்துக் காத்திருந்தார்கள், "தண்ணி கெடக்குது. பாக்கத்தான் ஆளில்லாம இருந்துச்சு" என்று பதில் வந்தது. டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டாள். தோப்பில், மூடிய தகட்டுக்கு அடியிலிருந்து, ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு தரம் தட், தட் என்று இரண்டு சத்தம் வந்துகொண்டிருந்தது. முதல் வாரம் பயந்தார்கள். இரண்டாம் வாரம் அதைக் கேட்டு அடுப்பிலிருந்து சோற்றை இறக்கத் தொடங்கினார்கள்.

அவன் உடம்பு தேறியது. வாரா வாரம் இடுப்பு விரிய விரிய, துளசிமணி சனிக்கிழமை தோறும் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டாள். ஐப்பசியில் ஒன்பதாவது முடிச்சை அவிழ்த்தாள். கயிறு இப்போது அவன் ஒடுங்குவதற்கு முன்பிருந்த அளவுக்கு வந்திருக்க வேண்டும். விரலை ஓட்டிப் பார்த்தாள். இன்னும் ஒரு முடிச்சு இருந்தது.

நுனி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அடிவழியாக இழுத்திருந்தது. பல் பட்ட தடம் இருந்தது. தன்னுடைய முடிச்சைப் பார்த்துப் பார்த்து யாரோ எழுதிப் பழகியது போல அது அத்தனை சரியாக இருந்தது. அவள் போட்டது ஒன்பதுதான்.

யாரிடமாவது சொல்லலாமா என்று நினைத்தாள். மச்சாண்டார் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். வந்ததே போதும், முடிச்சை எண்ணாதே என்பார். ஆளும் அதே ஆள்தான், மச்சமும் அதே மச்சந்தான், பாலுக்குச் சர்க்கரை குறைத்துக் குடிப்பதும் அதேதான். இத்தனை நாளும் தான் அவனுக்குச் சோறு போட்டது, துண்டு கொடுத்தது, பேசியது எல்லாம் கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் ஒரு மணையை எடுத்துவந்து, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரே போட்டு, அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"நீங்க இங்க இருக்கறீங்க" என்றாள். "அப்பறம் அங்க ஆரு தட்டறது?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். வெயில் வாசலிலிருந்து நடைக்கு வந்தது, நடையிலிருந்து அவள் பாதத்துக்கு வந்தது. அவள் பார்வையை விலக்கவில்லை. அவன் கண்கள் வெள்ளையாகவும் ஆழமாகவும் இருந்தன, அவற்றில் நீலக் கீறல்கள் ஓடின, பார்க்கப் பார்க்க இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றியது. அவளுடைய கண்ணாடி வளையல் ஒன்று, கையை அசைக்காமலே, மணிக்கட்டைத் தாண்டி வழிந்து தரையில் விழுந்து உருண்டது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

அப்போது தோப்புப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. தட். தட். பக்கத்து வீட்டில் யாரோ சோற்றை இறக்கினார்கள்.

தட்.

மூன்றாவது. மேலே தூக்கு.

எதற்கும் ஒன்றேகால் மணி நேரம் கழித்தே அசைகிற நாச்சிமுத்து, அந்தச் சத்தத்துக்கு மட்டும், அந்த நொடியிலேயே, தோப்பின் பக்கம் தலையைத் திருப்பினான்.

"மூடி கெட்டியா இருக்குதா?" என்று கேட்டான்.